மாமியார் சொன்ன இடது பக்கம்

கிட்டாலே,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பர்னபாஸ் கிசா அவர்களுக்கு, உங்கள் தங்கை நெலிமாவின் கணவன் சில்வானஸ் முக்வானா தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கு மழை சௌக்கியம், மக்காச்சோளம் சௌக்கியம், பசுவும் கன்றும் சௌக்கியம். நான்தான் அவ்வளவாக இல்லை. மொம்பாசாவில் நீங்களும் உங்கள் துறைமுகமும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். உங்கள் பெரியப்பா வாசிகே என்னை முந்திக்கொண்டு உங்களிடம் பேசிவிட்டார் என்று தெரிகிறது. அவர் சொன்னது பாதி. மீதிப் பாதி இதோ வருகிறது. சனிக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூடி, நான் உங்கள் அம்மாவிடம் முறை தவறி நடந்தேனா இல்லையா என்று முடிவு செய்யப் போகிறார்கள். தவறினேன் என்று முடிவானால் பரிகாரச் சடங்கு முடியும்வரை, அதாவது வாசிகே பெரியப்பாவுக்கு மனசு இறங்கும்வரை, நெலிமா உங்கள் அப்பா வீட்டிலேயே இருக்க வேண்டுமாம். இப்போதே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நானே மக்காச்சோள மாவில் உகாலி கிண்டிக்கொள்கிறேன். நேற்று கிண்டியதை நாய் மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. மூத்த பிள்ளை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள். அதனால் இதை முழுக்கப் படியுங்கள், நடுவில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக் கூடாது, இருவரும் நேரே பேசிக்கொள்ளக் கூடாது, கை படக் கூடாது என்பதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் இதில் பிசகியதே கிடையாது. சந்தையில் தூரத்தில் உங்கள் அம்மாவின் தொப்பி தெரிந்தால் போதும், தக்காளிக் கடைக்குப் பின்னால் குந்திவிடுவேன். ஒருநாள் கடைக்காரி குனிந்து பார்த்து, "என்ன தம்பி, போலீஸா?" என்று கேட்டாள். "அதைவிடப் பெருசு" என்றேன். அப்படிப்பட்டவன் நான். கார் கழகத்தில் சேரும்போது உங்கள் அம்மாவும் அதில் உறுப்பினர் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒழுங்காகத்தான் இருந்தேன். மைதானத்தின் அந்த முனையில் அவருடைய பழைய பெஜோ கார், இந்த முனையில் என் ப்ரோபாக்ஸ் கார், நடுவில் தேநீர்ப் பந்தல். யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

இந்த ஞாயிறு கழகத்தின் ஓட்டுத்திறன் நாள். வழக்கம்போல ஜெபம், தலைவர் பேச்சு, பேச்சுக்கு நன்றி, நன்றிக்கு ஒரு பதில் நன்றி எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. எங்கள் கழகத்தில் ஒற்றுமைக்கு மட்டும் குறைவே இல்லை, மச்சான். ஒருவனுக்கு டயர் பஞ்சரானால் மூன்று பேர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அப்புறம் யார் ஜாக்கி நல்லது என்று அடித்துக்கொள்வார்கள். டயர் அப்படியே கிடக்கும். முதலில் பின்பக்கமாக ஓட்டுவது, பானட்டின்மேல் தட்டில் பந்தை வைத்து விழாமல் ஓட்டுவது இதெல்லாம் முடிந்தது. பந்துப் போட்டியில் உங்கள் அம்மாதான் முதல். நான் பார்க்கவில்லை, கை தட்டியது காதில் விழுந்தது.

அடுத்தது கண்கட்டு ஓட்டம். ஓட்டுபவன் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் வழி சொல்ல வேண்டும், நட்டு வைத்த கூம்புகளை இடிக்காமல் சுற்றி வர வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்று இரும்புக்கடை கதோகோ, அவர்தான் எங்கள் தலைவர், தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்தார். எடுத்து மைக்கில் படித்தார்: "ஓட்டுறவர், முக்வானா. வழி சொல்றவங்க, பர்னபாஸோட அம்மா." நம் முறை தெரிந்தவர்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கதோகோ வேறு ஊர்க்காரர், அவருக்கு என்ன தெரியும், சிரித்துக்கொண்டே நின்றார்.

வாசிகே பெரியப்பா பந்தலில் எண்ணெயில் பொரித்த மந்தாசி தின்றுகொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். "இது நடக்காது."

"கழகத்துல மாமியார் மருமகன்லாம் கிடையாதுங்க, எல்லாரும் மெம்பர்தான்" என்றார் கதோகோ. "சீட்டை மாத்தினா மத்தவன் சும்மா இருப்பானா?"

கூட்டத்தில் யாரோ ஒருவன், அவன் நாக்கு நன்றாக இருக்கட்டும், "அட, அவன்தான் கண்ணைக் கட்டிக்கிறானே பெரியவரே, எப்படிப் பாப்பான்? முறைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?" என்று கேட்டான்.

பெரியப்பா யோசித்தார். "சரி, பாக்க முடியாது. பேசுறது?"

அப்போது உங்கள் அம்மா பந்தல்காலைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பையன்கிட்ட யாராச்சும் சொல்லுங்க, நான் எதுலயும் பேர் குடுத்துட்டுப் பின்வாங்குனவ இல்ல."

கடைசியில் பாஸ்டர் எலியுட் முன்வந்தார். அவர் என் பக்கத்தில் உட்காருவார், உங்கள் அம்மா பின் சீட்டில், நடுவில் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டிவிடுவது. உங்கள் அம்மா பாஸ்டரிடம் சொல்வார், பாஸ்டர் என்னிடம் சொல்வார். இந்த ஏற்பாட்டுக்கு வாசிகே பெரியப்பா தலையை ஆட்டினார். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் தலையை ஆட்டியதை ஊரே பார்த்தது.

பாஸ்டர் எலியுட் தங்கமான மனிதர். ஆனால் மரியாதை சொல்லாமல் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்க அவருக்கு வராது. வண்டி கிளம்பியது. பின்னாலிருந்து உங்கள் அம்மா, "இடது" என்றார். பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகோதரர் சில்வானஸ் அவர்களே, நம்ம அன்புத் தாயார் கேட்டுக்கிறாங்க, உங்களுக்குச் சௌகரியப்பட்டா, கொஞ்சம் இடது பக்கமா" என்றார். டப் என்று சத்தம். "என்ன அது பாஸ்டர்?" என்றேன். "கூம்பு, சகோதரரே. போயிடுச்சு" என்றார்.

"வலது, வலதுன்னு சொல்லுங்க, சீக்கிரம்" என்றார் உங்கள் அம்மா. "தாயார் இப்ப மனசு மாறி வலது பக்கத்தை விரும்புறாங்க, அவசரமாவும் விரும்புறாங்க" என்றார் பாஸ்டர். நான் திரும்பியபோது அது இடதாகிவிட்டிருந்தது. டப், டப். "அந்த இஞ்சின் அழுவுது பாஸ்டர், கியரை மாத்தச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அது நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் என்னிடம் சொல்லப்படவில்லையே. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பாஸ்டர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இஞ்சினும் அழுதுகொண்டே காத்திருந்தது. என்னைவிட ஒழுக்கமாக மருமகன் ஒருவன் கிட்டாலேயில் இருந்தால் கொண்டு வந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் உங்கள் அம்மா, "பாஸ்டர், பந்தல்" என்றார். பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார் போலிருக்கிறது, "கர்த்தாவே" என்று ஆரம்பித்துவிட்டார். அது எனக்குச் சொன்ன வழியா, மேலே உள்ளவருக்குச் சொன்னதா என்று விளங்கவில்லை. நான் நேராகவே போனேன். ஜெபம் நீண்டுகொண்டே போனது. அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அந்த வார்த்தை வந்தது: "பிரேக்கை மிதி, மகனே."

மிதித்தேன். ஆனால் மழை பெய்த புல். வண்டி மெதுவாக, மிக மெதுவாக, விருந்தாளி மாதிரி பந்தலுக்குள் நுழைந்தது. யாருக்கும் கீறல் கூட இல்லை. தேநீர் மேசையை மட்டும் தள்ளிக்கொண்டு போய் நின்றது, நின்றபோது வாசிகே பெரியப்பா என் பானட்டின்மேல் உட்கார்ந்திருந்தார், மடியில் மந்தாசித் தட்டு. ஒன்றுகூடச் சிந்தவில்லை. பந்துப் போட்டியில் ஓட்டியபோது எனக்கு இது வரவே இல்லை.

இதற்கு அப்புறம்தான் அவர் முறை, முறை என்று குதிக்க ஆரம்பித்தார். "பேசிட்டா, நான் என் காதால கேட்டேன், மகனேன்னு கூப்பிட்டா" என்கிறார். அந்த நேரத்தில் பந்தல்துணி முழுக்க அவர் தலையில் கிடந்தது, அவர் எதைக் கேட்டிருக்க முடியும்? அப்படியே கேட்டிருந்தாலும், அது எனக்குச் சொன்னதென்று எப்படிச் சொல்வது? வண்டியில் பாஸ்டரும் இருந்தார். அவரும் யாரோ ஒரு தாய்க்கு மகன்தானே. இன்னொரு குற்றச்சாட்டு, வண்டி நின்ற வேகத்தில் என் கண்கட்டு நழுவி, திரையும் விழுந்து, நான் திரும்பி உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டேனாம். நான் பார்த்தது தொப்பியை மட்டும். தொப்பிக்குக் கீழே அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார் என்பது என் ஊகம். சிரிக்கும்போது ஓரத்தில் தங்கப்பல் ஒன்று தெரிகிறது என்பதும் ஊகம்தான்.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் வண்டியைத் தூக்க ஓடி வந்தார்கள். முன்பக்கம் தூக்கு என்று பாதிப் பேர், பின்பக்கம் தூக்கு என்று பாதிப் பேர். பாடகர் குழு இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துப் பாட ஆரம்பித்துவிட்டது. பெரியப்பா "நான் சாட்சி, எறங்க மாட்டேன்" என்று அடம் பிடித்ததால் அவரோடு சேர்த்தே தூக்கி வெளியே கொண்டு வந்தார்கள். கதோகோ எங்களுக்குக் கழகத்தின் ஒற்றுமைக் கோப்பையைக் கொடுத்தார். போட்டியில் நாங்கள்தான் கடைசி, அது வேறு விஷயம்.

மச்சான், உங்களிடம் மறைக்க மாட்டேன். உங்கள் வீட்டில் இதுவரை என்னை 'நெலிமாவின் ஆள்' என்றுதான் சொல்வார்கள். என்னை அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஒருநாளும் தெரிந்ததில்லை, கேட்கவும் வழியில்லை. மகனே என்று அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது இதுதான் முதல் தடவை. ஆனால் நெலிமா வீட்டுக்கு வர வேண்டுமே. அதனால் சனிக்கிழமை பெரியவர்கள் முன்னால் நின்று, அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்கவே இல்லை என்று சொல்லப் போகிறேன். நீங்களும் தயவுசெய்து, அம்மா வாயைத் திறக்கவில்லை, மருமகன் காதில் எதுவும் விழவில்லை, இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை என்று பெரியவர்களுக்கு அழுத்தமாக ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் துறைமுகத்துக்கு நிறையக் கப்பல்கள் வரட்டும், உங்கள் பிள்ளைகளுக்கு உங்களைப் போலவே நல்ல உயரம் வரட்டும்.

இன்றுவரை உங்கள் தங்கையின் கணவனான,
சில்வானஸ் முக்வானா.

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்து மேசையருகே நின்று எழுதுகிறேன். உறையை ஒட்டப் போகும்போதுதான் உங்கள் தபால் பெட்டி எண் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. வரிசையில் எனக்குப் பின்னால் உங்கள் அம்மா. தக்காளிக் கடை எதுவும் பக்கத்தில் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியிடம் எண்ணைக் கேட்டேன். கம்பி பேசவில்லை, அவர் பேசினார். "கம்பிக்கு என்னடா தெரியும், என்கிட்ட கேளு. மகனேன்னு கூப்பிட்டேன்னு நானே வாசிகேகிட்டப் போய்ச் சொல்லிட்டேன். அதுக்கு என்ன சடங்கோ அதை நானே செய்யுறேன். சனிக்கிழமை நெலிமாவை நானே கார்ல கூட்டிட்டு வந்து விடுறேன், நீ வண்டியைத் தொடாத" என்றார். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். ஆகவே மேலே நான் கேட்டபடி யாருக்கும் எதையும் எழுத வேண்டாம். உறையின்மேல் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.