நவம்பரில் காற்று கம்மி

இந்த ஜன்மத்தில் ஆகாய விமானத்தில் ஏறுவதில்லை என்பது என் தீர்மானம். ஏறச் சொல்லி அதுவரை யாரும் என்னைக் கெஞ்சவில்லை என்பது வேறு விஷயம். தீர்மானம் தீர்மானம்தான்.

எனக்கு உயரம் ஆகாது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் என் மனைவி கஸ்தூரி முதலில் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள்; அப்புறம் என்னைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் திருவிழா ராட்டினத்தில் ஏறி, உச்சிக்குப் போனதும் நான் போட்ட கூச்சலில் ராட்டினக்காரன் எல்லோரையுமே இறக்கிவிட்டான். "வெய்யில் மயக்கம்" என்று கஸ்தூரியிடம் சொல்லி வைத்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன வெய்யில் என்று அவள் கேட்கவில்லை. வெகுளிப் பெண் என்று சந்தோஷப்பட்டேன்.

திருவண்ணாமலை தாலுகா ஆபீஸில் எனக்கு குமாஸ்தா வேலை. கூடவே மழைமானிப் பொறுப்பு. தினம் காலை எட்டரைக்கு ஆபீஸ் தோட்டத்து மழைமானியைத் திறந்து, உள்ளே விழுந்ததை அளந்து, வேலூருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மழைமானி முழங்கால் உயரம்தான். எனக்கென்றே செய்தது. வருஷத்தில் முந்நூறு நாள் நான் அளந்தது சைபர். ஆனாலும் தெருவில் எனக்கு வானிலைச் சக்கரபாணி என்று பெயர். வடாம் பிழியலாமா, மல்லாட்டைக் கடலை காயவைக்கலாமா என்று வந்து கேட்பார்கள். நான் வானத்தை நிமிர்ந்து பார்த்து, மூக்கைச் சொறிந்து, "பாக்கலாம்" என்பேன். அந்த ஜோசியம் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. கஸ்தூரியின் தம்பி ராஜேந்திரன் எழுதியது. தாய் இல்லாத பையனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கஸ்தூரி. அவன் மெக்கானிக் வேலைக்குப் படித்து, கப்பலேறி, மொராக்கோ தேசத்தில் எஸ்ஸவீரா என்கிற கடற்கரை ஊரில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டி வேதாவும் அங்கேதான். அக்கா தம்பி முகம் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

"ஏங்க, கம்பெனியில ரெண்டு பேருக்கு ஏரோப்ளேன் டிக்கெட் தர்றாங்களாம். என்னை வரச் சொல்லி எழுதியிருக்கான். மே மாசம் போலாமாங்க?" என்றாள் கஸ்தூரி. கண் கலங்கியிருந்தது.

எனக்கும் கலங்கியது. வயிறு.

பயம் என்று எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் தலைவனாக இருந்திருக்கிறேன். அப்படித்தான் ரேஷன் கார்டில் போட்டிருக்கிறது. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். கடவுள் கண் திறந்தார். முதல் பக்கத்தின் அடியில் ராஜேந்திரன் எழுதியிருந்தான்: 'இங்கே எல்லாம் சௌகரியம். காற்றுதான் கொஞ்சம் ஜாஸ்தி.'

"கஸ்தூரி! காத்து ஜாஸ்தியாம்!"

"நல்லதுதானே. இங்க விசிறியாலே கை வலிக்குது."

"உனக்குத் தெரியாது. இது என் இலாகா. கடற்கரைக் காத்து வேற. நான் விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவேன்."

விசாரித்தேன். மாசம் வாரியாகக் காற்று, மழை, குளிர் விவரம் கேட்டு மச்சானுக்கு எழுதினேன். அவனும் துறைமுகத்தில் கேட்டு ஒரு பட்டியலே அனுப்பிவிட்டான். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் அந்த ஊரில் காற்று ஓயாதாம். குளிர்காலத்தில் மழையாம். அதைக் கிராஃப் காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் மலை மலையாக வரைந்து கூடத்தில் மாட்டினேன்.

"இதப் பாரு. மே மாசம் போனா தலையில தொப்பி நிக்காது."

"நான் என்னிக்குங்க தொப்பி போட்டேன்?"

"புடவை பறக்கும்!"

"பின் குத்திக்கிறேன்."

"ஜூன்ல மணல் வாரி அடிக்கும். கண்ணைத் திறக்க முடியாது."

"கூலிங் கிளாஸ் வாங்கித் தாங்க."

"ஜூலையில காத்துல நடக்கவே முடியாது. ஓரடி முன்னால வெச்சா ரெண்டடி பின்னால போவோம்."

"அப்ப திரும்பிக்கிட்டு நடந்தா சீக்கிரம் போயிடலாம்."

இப்படிப்பட்டவளோடு வானிலை பேசுவது கஷ்டம். இருந்தாலும் நான் விடவில்லை. பாஸ்போர்ட் பாரம் வந்தபோது இன்னொரு காரியமும் செய்தேன். என் பாரத்தில் பிறந்த வருஷத்தை வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன். அதன்படி நான் என் அப்பாவைவிட மூன்று வயது பெரியவன். மெட்ராஸில் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கையெழுத்து மட்டும் அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

"நானே ரிஜிஸ்தர் தபால்ல சேத்துடறேங்க" என்று கஸ்தூரி வாங்கிக்கொண்டு போனாள். பாவம், அலையட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாசம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அக்கா ரேணுகாம்பாள் வந்தாள். அக்கா என்றால் தீபம். தீபம் என்றால் அக்கா. கார்த்திகைத் தீபத்துக்கு ஊரில் எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வருவது படை. அக்கா, அவள் வீட்டுக்காரர் கோதண்டராமன் மாமா, மாமாவின் தம்பிகள், தம்பிகளின் பிள்ளைகள், மலையில் தீபம் பார்க்கிற சாக்கில் எங்கள் கூடத்தில் பாய் போடுகிற இன்னும் பலர். யார் எந்த வழியில் சொந்தம் என்று கேட்டால் அவர்களே யோசிப்பார்கள். அத்தனை பேருக்கும் கஸ்தூரிதான் வடித்துக் கொட்டுவாள். நான் வாசலில் நின்று, "வாங்க வாங்க" என்பேன். வேலையைப் பகிர்ந்துகொண்டால்தானே குடும்பம்?

"அண்ணி தனியா ஒரு போட்டோகூட எடுத்துக்கலீங்க. ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் கஸ்தூரி. என் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். நானே கூட்டிக்கொண்டு போனேன். அக்கா காமிராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன சைஸில் மூன்று காப்பி போதும் என்றாள். பெரிசாகப் போட்டு மாட்ட வேண்டாமா என்றேன். "எதுக்கு, நான் இன்னும் சாவலியே" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

ஆகஸ்டு மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, கஸ்தூரி கிராஃப் காகிதத்தின் முன்னால் நின்றாள். முகம் வாடியிருந்தது.

"அப்ப எந்த மாசம்தாங்க போறது? செப்டம்பர்?"

"காத்து."

"அக்டோபர்?"

"சந்தேகம். சந்தேகத்துல பயணம் கூடாது."

"டிசம்பர், ஜனவரி?"

"மழை, குளிர். பிப்ரவரியும் அதேதான். மார்ச்சுல மறுபடி காத்து தலை காட்டும்."

"அப்ப நல்ல மாசமே இல்லியா?"

அப்போதுதான் கவனித்தேன். நவம்பரில் என் சிவப்புக் கோடு பள்ளத்தில் கிடந்தது. காற்று அடங்கிவிட்டது, மழை இன்னும் வலுக்கவில்லை. நவம்பர்! நவம்பர் கடைசியில் தீபம்! படை வரும் மாசம்! எந்த மருமகள் அந்த மாசத்தில் வீட்டைப் போட்டுவிட்டுப் போவாள்? எனக்குள் ஒரு நாதஸ்வரம் வாசித்தது. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

"இருக்குது கஸ்தூரி. ஒரே ஒரு மாசம் இருக்குது. நவம்பர். அதை விட்டா வேற மாசம் கிடையாது. இது மழைமானி மேல சத்தியம்."

"நிச்சயமாங்க?"

"என்னை யாருன்னு நெனச்சே?"

"அப்ப எழுதிக் குடுங்க. இல்லாட்டி நான்தான் வர மனசில்லாம சாக்கு சொல்றேன்னு தம்பி நெனைப்பான்."

எழுதினேன். 'எஸ்ஸவீரா ஊருக்குப் பயணம் செய்ய நவம்பர் மாதமே உகந்தது என இதன் மூலம் சான்றளிக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, கீழே பதவியும் எழுதினேன். ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு கையில் இருந்திருந்தால், அந்த உற்சாகத்தில் அதையும் குத்தியிருப்பேன்.

அதற்கப்புறம் பெருமூச்சு விட்டேன். "ஆனா என்ன பண்றது? நவம்பர்ல தீபமாச்சே."

"ஆமாங்க. அண்ணி ஒத்துக்க மாட்டாங்க."

"அக்கா ஒத்துக்கிட்டா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. வேணும்னா அதையும் எழுதிக்க."

பெருந்தன்மை என்பது ஒரு போதை. செலவில்லாமல் கிடைக்கும்போது அளவு தெரியாது. அவள் அதையும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். நானே பேச்சை எடுத்தேன். "அக்கா, பாத்தியா அநியாயத்தை. இவ தீபத்தப்ப தம்பியைப் பாக்கப் போறேங்கறா."

அக்கா வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். ஒரு நிமிஷம் மென்றாள்.

"போயிட்டு வரட்டுமேடா. கூடப் பொறந்தவனைப் பாக்க வேணாமா?"

என் காதையே நான் நம்பவில்லை. "அக்கா, தீபம்!"

"தீபம் மலை மேல ஏத்தறாங்க. உங்க வீட்டு அடுப்புலயா ஏத்தறாங்க?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்போர்ட் ஆபீஸ் என்னைக் காப்பாற்றும் என்று இருந்தேன். அங்கிருந்து கஸ்தூரிக்குப் பாஸ்போர்ட் வந்தது. என்னுடையதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நிராகரித்தால் நிராகரித்தோம் என்று ஒரு வரி எழுத மாட்டார்களா? ஒருவேளை ஏற்றுக்கொண்டுவிட்டார்களா? அப்பாவைவிட மூத்த பிள்ளையை சர்க்கார் ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளும். நானே சர்க்கார் உத்தியோகஸ்தன், எனக்குத் தெரியாதா? கண்ணை மூடினால் என் காலுக்குக் கீழே முப்பதாயிரம் அடிக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் மூன்றாம் வாரம் டிக்கெட் வந்தது. தடித்த உறை. அன்று அக்காவும் வந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. கஸ்தூரி உறையைப் பிரிக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கஸ்தூரி, பிரிக்காதே. ஒரு உண்மை சொல்லணும். எனக்கு ஏரோப்ளேன்னா பயம். காத்து, மணல் எல்லாம் சும்மா சொன்னது. என்னால முடியாதும்மா. நீ போகலேன்னா உனக்கு எவ்ளோ வருத்தமா இருக்கும்னு தெரியும். ஆனா செத்துடுவேன் போல இருக்குது."

இருபத்திரண்டு வருஷக் கௌரவம் கூடத்துத் தரையில் கிடந்தது. என் கண்ணில் தண்ணீர். அதற்கு மழைமானி தேவையில்லை. தரையைப் பார்த்தாலே தெரிந்தது.

கஸ்தூரி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "எனக்குத் தெரியாதாங்க? ராட்டினத்துல உங்க பக்கத்துல உக்காந்திருந்தது நான்தானே?"

"தெரியுமா?"

"அதான் உங்களுக்கு டிக்கெட்டே போடச் சொல்லலை."

உறையைப் பிரித்தாள். நவம்பர் பத்தாம் தேதிக்கு இரண்டு டிக்கெட். ஒன்றில் கஸ்தூரி. மற்றதில் ரேணுகாம்பாள்.

அக்கா மடியிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்தாள். அதற்குள்ளிருந்து ஸ்டூடியோவில் நான் எடுத்துக் கொடுத்த போட்டோ என்னை முறைத்தது.

"என் பாரம்?" என்றேன்.

"இந்தாங்க. அப்பாவைவிட மூணு வயசு பெரியவர்னு இருந்துச்சு. மாமனார் மானம் போவக் கூடாதுன்னு போஸ்ட் பண்ணவே இல்ல."

எனக்குத் தலை சுற்றியது. ஸ்டூல்கூட இல்லாமல். "அக்கா எதுக்குப் போறா?"

"வேதா முழுகாம இருக்கா. நவம்பர் கடைசியில நாள் சொல்லியிருக்காங்க. அவளுக்கும் அம்மா இல்ல. அண்ணி எத்தனை பிரசவம் பாத்த கை! முதல் கடுதாசியிலயே தம்பி எழுதியிருந்தான். உங்களுக்கு முதல் பக்கம் மட்டும்தான் குடுத்தேன்."

"அப்ப மே மாசம் போலாமான்னு ஏன் கேட்டே? நேரா நவம்பர்னு கேட்டா என்ன?"

"கேட்டா, தீபத்தை முடிச்சிட்டுப் போன்னு சொல்லுவீங்க. கொழந்தை தீபத்தை முடிச்சிட்டா பொறக்கும்? மே மாசம்னு கேட்டாத்தான் நீங்க மாசம் மாசமா அடிச்சிக்கிட்டு வந்து நவம்பர்ல நிப்பீங்க. நின்னீங்க. எழுதியும் குடுத்தீங்க."

ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு வருஷத்துக்கப்புறம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைவிடப் பெரிய வெளிச்சம் என் மனசில். விமானம் இல்லை! உயரம் இல்லை! நான் தரையிலேயே இருக்கலாம்! இரண்டு பேரையும் வாழ்த்தினேன். கூலிங் கிளாஸ் வாங்கித் தருகிறேன் என்றேன். இன்னும் என்னென்னவோ வாக்குக் கொடுத்தேன். அப்போதுதான் ஒரு சின்ன யோசனை வந்தது.

"ஏன்க்கா, நீங்க ரெண்டு பேரும் இல்லாம இந்த வருஷம் தீபத்துக்கு யாரும் வர மாட்டாங்க இல்ல?"

"அதெப்படிடா? நான் இல்லேன்னா அங்க வடிச்சிப் போட ஆள் ஏது? அதனால இந்த வருஷம் மொத்தப் பேரும் பத்து நாள் முன்னாடியே இங்க வந்துடறாங்க. எல்லாம் ஆம்பளைங்கதான், கூச்சப்படாதே" என்று சொல்லி அக்கா எழுந்தாள். சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். "உங்க மாமாவுக்கு மட்டும் வயித்துப் புண்ணு. அவருக்குக் காரம் கம்மியா போடு."