மாப்பிள்ளைப் படத்துக்கு நஷ்டஈடு

பாதி முகத்தை மழித்துவிட்டு, மறு பாதியில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த உண்மை எனக்குப் பளிச்சென்று விளங்கியது. என் படம் தைப்பிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. தபாலில் தொலைந்துவிட்டது!

கண்ணாடியில் தெரிந்த முகமே அதற்குச் சாட்சி. இப்படி ஒரு முகத்தின் படம் கைக்கு வந்த பிறகு எந்தப் பெண் வீட்டார் ஏழு வாரம் பதில் எழுதாமல் இருப்பார்கள்? (அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். கப்பல் ஆபீசில் குமாஸ்தா. இந்த மூன்றும் ஒருவனிடம் சேர்ந்தால் மூளைக்கு அங்கே வேலை கிடையாது.)

பெண் தைப்பிங்கில் ஒரு துணிக்கடைக்காரரின் மகள். கான்வென்ட்டில் படித்தவள், பெயர் மரகதம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையின் படம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அக்காவிடம் விட்டால் சாதாரணத் தபாலில் போட்டுவிடுவாள் என்று பயந்து நானே ரிஜிஸ்தர் செய்து அனுப்பினேன். படத்துக்காக நான் மாட்டியிருந்த கோட்டு தையற்கடை காதர் பாய் இரவல் கொடுத்தது. (அது அவருடையதுகூட இல்லை. யாரோ ஒரு வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போனது. அந்த மனிதர் நல்ல ஆகிருதியானவராக இருந்திருக்க வேண்டும்.)

நான் பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் அக்கா வீட்டில் குடியிருந்தேன். நுரையோடு சமையலறைக்கு ஓடினேன்.

"அக்கா! படம் தபால்ல தொலஞ்சு போச்சு!"

அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "தொலையலடா, பிடிக்கல. பதில் வரலன்னா வேணாம்னு அர்த்தம். இது கூடவா தெரியாது?"

"வேணாம்னா வேணாம்னு எழுதறதுக்கு என்ன?"

"பொண்ணு வீட்டுக்காரங்க அப்படி எழுதுவாங்களா? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காது? உன் மானம் போகக் கூடாதுன்னுதான் அவங்க பேசாம இருக்காங்க. நீயும் பேசாம இரு."

பேசாமல் இருப்பது என் ஜாதகத்தில் இல்லை. நம் ஜனங்கள் முன்னேறாததற்கு இந்த மௌனமே காரணம் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பிறகு மிச்ச முகத்தையும் மழித்துக்கொண்டு, ரசீதோடு தபாலாபீசுக்குப் புறப்பட்டேன். ரிஜிஸ்தர் தபால் தொலைந்தால் சர்க்கார் நஷ்டஈடு தரும் என்று விதிப் புத்தகத்தில் படித்திருந்தேன். எனக்குப் பணம் பெரிதல்ல. என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, என் படம் தொலைந்துதான் போனது என்று சர்க்கார் முத்திரை குத்திய காகிதம் ஒன்று வேண்டும். அதை அக்காவின் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

படத்தின் பெறுமானத்துக்குச் சாட்சியாகக் காதர் பாயையும் அழைத்துப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துப் பொன்னையா.

"உள்ளுக்கு என்ன இருந்தது தம்பி?"

"படம்."

"என்ன படம், சாமிப் படமோ?"

"என் படம்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பெறுமதி எவ்வளவெண்டு போடுறது?"

"ஐம்பது வெள்ளி."

"ஐம்பதோ! படத்துக்கோ, ஆளுக்கோ?"

காதர் பாய் முன்னே வந்தார். "ஐயா, படத்துல முக்காவாசி என் கோட்டுதான். தம்பி மேல கொஞ்சூண்டு தெரிவாரு. நஷ்டஈடு வந்தா முக்காப் பங்கு எனக்குத்தான் வரணும்லா."

பொன்னையா மனுத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒருக்கா யோசியும். இது போனா நாங்கள் பெண் வீட்டில போய் விசாரிக்க வேணும். பிறகு நிப்பாட்ட ஏலாது."

"விசாரிக்கட்டும், நல்லா விசாரிக்கட்டும்!" என்றேன். இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினேன். இலாகாவின் அஜாக்கிரதையால் ஒரு வாலிபனின் எதிர்காலமே இருண்டு கிடப்பதாக இரண்டாம் பக்கத்தில் வரும்.

ஒரு மாதம் கழித்து அழைப்பு வந்தது. காதர் பாய் தம் பங்கை வாங்கிப் போக எனக்கு முன்பே வந்து நின்றார். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். பொன்னையா ஒரு உறையை எடுத்து, "தம்பி, இதை வீட்டை கொண்டுபோய் ஆறுதலா வாசியுமன்" என்றார். அந்த நல்ல மனிதரின் தயவை நான் புரிந்துகொண்டேனா?

"இல்லைங்க, இங்கேயே வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க. சத்தமா! நாலு பேர் கேக்கட்டும்."

நாலு பேர் என்ன, வரிசை முழுவதும் கேட்டது.

"ரிஜிஸ்தர் தபால் நாலாம் நாளே வந்து சேர்ந்தது. கசங்கவில்லை, நனையவில்லை. தபால் இலாகாமீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை படத்தில்தான். என் தகப்பனார் பல வருடங்களாகத் துணி வியாபாரம் செய்கிறவர். கோட்டு இரவல் என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார். எழுதினால் மனம் புண்படுமே என்று பேசாமல் இருந்தோம். சர்க்கார் கேட்பதால் எழுத வேண்டியதாயிற்று. சாட்சியத்துக்காகப் படத்தையும் இத்துடன் ஒப்படைக்கிறோம். தகப்பனாருக்காக, மரகதம்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. கடைசியில் சிரிக்காதவன் நான் ஒருவன்தான். காதர் பாய்க்கோ ஆனந்தம் தாங்கவில்லை. "படத்தைப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரா! தொழில் தெரிஞ்ச மனுசன்லா! கடை எங்க இருக்கு, தம்பி?"

பொன்னையா படத்தை என் பக்கம் தள்ளினார். ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை, சரியாக என் இடது கன்னத்தில். நான் ஆசைப்பட்ட சர்க்கார் முத்திரை!

"கிடைச்சதெண்டு இதில ஒரு கையெழுத்துப் போடும், தம்பி" என்றார். போட்டேன். பெண் வீட்டார் வேண்டாம் என்று சொன்னதற்கு ரசீதில் கையெழுத்திட்டு வாங்கிய மாப்பிள்ளை இந்தப் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா படத்துக்குச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டினாள். அன்று முதல் எங்கள் வீட்டில் யார் கூப்பிட்டும் ஒருவர் பதில் சொல்லாவிட்டால், "மனுப் போடு" என்கிறார்கள். அத்தான் சாப்பாட்டு மேசையில் இரண்டாம் தடவை ரசம் கேட்டால் அக்கா மகள், ஆறு வயசுச் சுண்டெலி, "ரசம் தொலஞ்சு போச்சாப்பா? மாமாவ எழுதச் சொல்லு" என்கிறது.

ஒரு வருடம் இதைத் தாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என்னை அதிகம் உறுத்தியது சிரிப்பு இல்லை. நான் மூன்று பக்கம் எழுதிச் சாதிக்காததை ஒருத்தி எட்டு வரியில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்துவிட்டாளே, அதுதான். சென்ற மாதம் அவள் தகப்பனாருக்கு ஒரு தபால் கார்டு போட்டேன். "கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்." வேறொன்றும் எழுதவில்லை. (எனக்கு இது பெரிய சாதனை.)

நேற்றுப் பதில் வந்தது. அதே கையெழுத்து.

"கோட்டு இல்லாத ஆளைப் பார்க்கலாம் என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வரலாம். தங்களுக்குப் பதில் என்றால் எழுத்தில் வேண்டும் என்று தெரியும். ஆகவே எழுதுகிறேன். மரகதம்."

ஞாயிறு காலை முதல் படகில் அக்கரையிலுள்ள பிறை ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறுகிறேன். வெள்ளைச் சட்டை; என் அளவு, என் காசு. இந்தத் தடவை தபாலை நம்பவில்லை, உருப்படியை நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். வழியில் தொலைந்தால் தயவுசெய்து மனுப் போடாதே என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.