கமாவும் ஒரு டெட் லிஃப்டும்

தடார்!

கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. கைப்பிடியைத் தொட்டிருந்த கமா, சூடு பட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே யாரோ அலமாரியைத் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அலமாரி இல்லை. கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். காலில் கனத்த பூட்ஸ். கையில் தோல் உறை. அவள் முன்னால் ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் இரண்டு முனையிலும் வண்டிச் சக்கரம் போல வட்டுகள். அதைத்தான் இடுப்பு வரை தூக்கித் தரையில் போட்டிருக்கிறாள்.

சுற்றி நின்ற நாலைந்து பேர் கைதட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, புருவத்தை நெரித்துக்கொண்டு, கதவையே முறைத்தாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் கமாதான் நின்றிருந்தாள்.

'என்னைத்தான் முறைக்கிறாள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்கிறாள்.' கமா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

கமா என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மருந்துச் சீட்டைக் கொடுத்தாலும் சரி, பாடப்புத்தகத்தைக் கொடுத்தாலும் சரி, நாலு கமா சேர்க்காமல் திருப்பித் தர மாட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அச்சகத்தில் ஒரு தண்ணீர் கேன் உண்டு. இருபது லிட்டர். கமாவுக்குத் தாகம் எடுக்கும்போதுதான் அது காலியாகும். புதுக் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்க அவளால் முடியாது. பைண்டிங் பிரிவு அண்ணனைக் கூப்பிட வேண்டும். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வருவார்.

"கமா, நீ புள்ளி வை. கனமானதெல்லாம் அண்ணன் பாத்துக்கறேன்."

மூன்று வருடமாக இதே வசனம். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

போன வாரம் கமாவுக்குப் பொறுக்கவில்லை. "வர்ற ஒண்ணாம் தேதி இந்தக் கேனை நான்தான் மாட்டப் போறேன்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"மாட்டலேன்னா?"

"மாட்டலேன்னா அதுக்கப்புறம் இங்க ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்."

கோபத்தில் வந்த வார்த்தை. திருத்துவதற்குள் அச்சேறிவிட்டது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

நாத்தனார்தான் வழி சொன்னாள். "அண்ணி, தரையிலேர்ந்து கனத்தைத் தூக்கற பயிற்சிக்குப் பேரு டெட்லிஃப்ட். நேரா ஜிம்முக்குப் போங்க. அதைக் கத்துக்குடுங்கன்னு கேளுங்க. பயப்படாதீங்க."

புது இடத்தில் கமாவுக்குக் குரல் எழும்பாது. அதனால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று பத்து நிமிடம் யோசித்தாள். கடைசியில் பிரித்தே எழுதினாள்.

டெட் லிஃப்ட்.

அந்தச் சீட்டைத்தான் இப்போது, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போய், வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் நீட்டினாள். உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது.

சீட்டைப் படித்த பெண் துள்ளி எழுந்தாள்.

"அப்பாடா! வந்துட்டீங்களா! முக்கால் மணி நேரமா உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருக்கோம்!"

"என்னையா?"

"ஆமாங்க. லேடி ஒருத்தங்களை அனுப்பறோம்னு உங்க கம்பெனில சொன்னாங்க. லிஃப்ட் சுத்தமா டெட். உள்ள பல் டாக்டர் மாட்டிக்கிட்டு இருக்காரு."

கமா திருதிருவென்று விழித்தாள். "இல்லம்மா, நான் வந்து..."

"உங்க பெட்டிகூட முன்னாடியே வந்து உக்காந்திருக்கு பாருங்க."

மேஜைக்குக் கீழே சிவப்பு நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது.

"அது என்னோடது இல்லம்மா."

"கம்பெனியோடதுதான், தெரியுமே. எடுத்துக்குங்க, வாங்க."

கமா வாயைத் திறந்தாள். அதே நேரம் மறுபடியும் தடார்! கறுப்பு டி-ஷர்ட் நிமிர்ந்து இந்தப் பக்கம் முறைத்தது. இப்போது அந்தப் பார்வை கமாவைத் தாண்டி அந்தப் பெட்டி வரை போய்த் திரும்பியது.

உண்மையைச் சொன்னால் அந்த அம்மாள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் லிஃப்ட் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"லிஃப்ட் எங்க இருக்கு?" என்றாள் கமா.

பெட்டியைத் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். தரையைக் கீறிக்கொண்டு கிறீச்சென்று வந்தது.

"தூக்க மாட்டீங்களா?"

"இழுத்துட்டுப் போனாத்தான் உள்ள இருக்கறது குலுங்காது."

வாழ்க்கையில் முதல் பொய். ஆனால் இலக்கணம் சுத்தமாக இருந்தது.

வெளியே நடையின் கோடியில் லிஃப்ட். நடைக்கும் ஜிம்முக்கும் நடுவில் மெல்லிய தடுப்புச் சுவர்தான். வரவேற்புப் பெண் இடத்தைக் காட்டிவிட்டு, ஃபோன் அடிக்கிறது என்று ஓடிவிட்டாள்.

லிஃப்ட் கதவில் நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை இருந்தது. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு மனிதர் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தார். வெள்ளைக் கோட்டு. ஒல்லியான உடம்பு.

"யாரது?" என்றது கிணற்றிலிருந்து வருவது போல ஒரு குரல்.

"நான்தாங்க."

"நான்தான்னா? மெக்கானிக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"சீக்கிரம் ஏதாவது பண்ணும்மா! மேல ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்காரு. மூடிக்கலாம்னு சொல்லாமலே காபிக்கு இறங்கிட்டேன்!"

கமா பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. பத்து முறை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி, இன்னும் ஒரு முழம் கீழே இறங்கி நின்றது.

"ஐயோ அம்மா!"

"மன்னிச்சுக்குங்க டாக்டர்."

இப்போது டாக்டர் மார்புக்கு மேலே மட்டும்தான் தெரிந்தார்.

சுவரில் ஒரு பெட்டி. அதற்குள் வரிசையாகச் சுவிட்சுகள். ஒன்றின் கீழே 'எல்லாம்' என்று எழுதியிருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று பொருள் கொண்டு கமா அதைக் கீழே தள்ளினாள்.

எல்லாம் போயிற்று. நடை விளக்கு போயிற்று. லிஃப்டுக்குள் விளக்கும் விசிறியும் போயின. ஜிம்மில் பாட்டு பாதியில் அறுந்தது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் நின்று, யார் யாரோ எதன் மேலோ மோதிக்கொண்டார்கள்.

"யாரு பார்த்த வேலை இது?" என்று உள்ளே ஒரு குரல்.

"கரண்ட் போனா என்னய்யா? கம்பிக்குக் கரண்ட்டா வேணும்?" என்றது கட்டையான இன்னொரு குரல். ஜிம் மாஸ்டர். "நீங்க வாங்க மேடம், நமக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். அடுத்த செட்!"

கமா சுவிட்சை மேலே தள்ளிப் பார்த்தாள். அது கையோடு வந்துவிட்டது.

"என்னம்மா, இருட்டாயிடுச்சு?" என்றார் டாக்டர்.

"சேஃப்டிக்காகத்தான் டாக்டர்." இரண்டாவது பொய். பழகிவிட்டது.

கைப்பையில் செல்ஃபோன் அலறியது. கணவர்.

"என்ன கமா, ஆரம்பிச்சாச்சா?"

"லிஃப்ட் பக்கத்துலதான் நிக்கறேன்ங்க."

"முதல் நாளே லிஃப்டா! சபாஷ்! எத்தனை கிலோ?"

கமா கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். "டாக்டர், உங்க எடை என்ன?"

"எதுக்கும்மா?"

"வீட்ல கேக்கறாங்க."

"ஐம்பத்தாறு!"

"ஐம்பத்தாறுங்க," என்றாள் ஃபோனில்.

"கமா, நல்லாப் பாரு. நடுவுல புள்ளி ஏதாவது விட்டுப்போயிருக்கும். அஞ்சு புள்ளி ஆறா இருக்கப் போவுது."

அவள் பேச்சைத் துண்டித்தாள். ஏனோ அந்தப் புள்ளி அவளைச் சுட்டது.

ஃபோன் வெளிச்சத்தைக் கதவில் அடித்தாள். மேல் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. வட்டமில்லை, முக்கோணம். இருபது வருடமாக எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பழகிய கண்கள். சிவப்புப் பெட்டியைத் திறந்து துழாவினாள். முக்கோண முனை வைத்த சாவி ஒன்று கிடைத்தது. போட்டுத் திருப்பினாள். க்ளிக். கதவு விலகியது. உள்ளே டாக்டர் தன் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார். நடையின் தரை அவர் மார்பளவுக்கு இருந்தது.

"கையைக் குடு!" என்று இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

கமா குனிந்து பிடித்தாள். இழுத்தாள். டாக்டர் வரவில்லை. கமாதான் உள்ளே போகப் பார்த்தாள்.

"இப்படியில்ல!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் கத்தினார். பாட்டுச் சத்தம் இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் காதுக்குள்ளேயே விழுந்தது. "முதுகை வளைச்சா போச்சு! முதுகு நேரா!"

தன்னைத்தான் சொல்கிறார் என்று கமா நிமிர்ந்தாள்.

"காலை அகட்டி வைங்க. பின்னால ஒரு நாற்காலி இருக்கற மாதிரி உக்காருங்க!"

உட்கார்ந்தாள்.

"கம்பி உடம்போட ஒட்டியிருக்கணும்!"

"டாக்டர், கொஞ்சம் ஒட்டி வாங்க."

"மூச்சை இழுங்க! வயித்தை இறுக்குங்க! கையால இழுக்காதீங்க மேடம், காலால தரையைத் தள்ளுங்க!"

தரையைத் தள்ளுவதா? அது என்ன பேச்சு? யோசிக்க நேரமில்லை. கமா தரையைத் தள்ளினாள்.

டாக்டர் வந்தார். முதலில் கோட்டு வந்தது, பிறகு பெல்ட் வந்தது. அவரும் லிஃப்டின் கைப்பிடிக் கம்பியில் காலை ஊன்றி ஒரு எம்பு எம்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் தடார் என்று கம்பி விழுந்த அதே நொடியில், இந்தப் பக்கம் தொப்பென்று டாக்டர் தரையில் விழுந்தார்.

"அருமை! அப்படித்தான்!" என்றார் மாஸ்டர்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் கமா, சுவரைப் பார்த்து.

"இன்னும் ஒரு தடவை!" என்று மாஸ்டர் கத்தினார்.

டாக்டர் லிஃப்டைப் பார்த்தார், கமாவைப் பார்த்தார், படிக்கட்டில் தாவி ஏறி ஓடியே போய்விட்டார்.

கமா கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே கைகள்தான். பெட்டியை மூடினாள். கால்களை அகட்டினாள். இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். தரையைத் தள்ளினாள். பெட்டி சத்தமில்லாமல் எழுந்தது. அதைச் சுமந்துகொண்டு நடந்து, ஜிம்முக்குள் நுழைந்து, வரவேற்பு மேஜை மேல் வைத்தாள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. அச்சகத்துக் கேன் ஸ்டாண்டைவிட இந்த மேஜை உயரம்.

"டாக்டரைத் தூக்கிட்டாங்க மாஸ்டர்! நான் கண்ணால பார்த்தேன்!" என்று கூவிக்கொண்டே, விளக்கு போனதும் நடைக்கு வந்திருந்த வரவேற்புப் பெண் பின்னால் ஓடி வந்தாள்.

மாஸ்டர் பெட்டியின் பிடியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுவே முப்பது கிலோவுக்குக் குறையாது. நல்லா முதுகை நேரா வெச்சுத் தூக்கியிருக்கீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

"உங்ககிட்டதான் சார். இப்பதான்."

"என்கிட்டயா?"

இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. "நான் மெக்கானிக் இல்லைங்க. அச்சகத்துல பிழை திருத்தறவ. டெட்லிஃப்ட் கத்துக்கத்தான் வந்தேன். சீட்டுல சேர்த்து எழுதியிருக்கணும். பிரிச்சு எழுதிட்டேன். என் பிழைதான்."

"அப்ப நேரா உள்ள வர வேண்டியதுதானே?"

"அவங்களைப் பார்த்துப் பயந்துட்டேன்," என்று கமா கறுப்பு டி-ஷர்ட்டைக் காட்டினாள்.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அவங்களுக்கா பயந்தீங்க? அவங்களும் இன்னைக்குத்தாங்க வந்தாங்க. முதல் நாளே எண்பது கிலோ! ஒரு வார்த்தை பேசல. அப்படி ஒரு வெறி!"

"இருங்க மாஸ்டர்," என்றாள் வரவேற்புப் பெண், தலையைச் சொறிந்துகொண்டு. "இவங்க மெக்கானிக் இல்லேன்னா, மெக்கானிக் எங்க?"

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

தொம், தொம் என்று பூட்ஸ் சத்தம். கறுப்பு டி-ஷர்ட் பெண், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கமாவை நோக்கி வந்தாள். அதே நெரித்த புருவம், அதே கடித்த பல். ஆனாலும் இந்த முறை கமா பின்வாங்கவில்லை. முதுகு நேராகவே இருந்தது.

அந்தப் பெண் கையைச் சிவப்புப் பெட்டியின் மேல் வைத்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"அக்கா, இது என் பெட்டி, உள்ள நுழைஞ்சதும் 'டெட் லிஃப்ட் எங்க?'ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், மாஸ்டர் இழுத்துட்டுப் போய்க் கையில கம்பியைக் குடுத்துட்டாரு, இத்தனை பேரைப் பார்த்ததும் வேண்டாம்னு சொல்லப் பயமா இருந்துச்சு!"