முன்பல்லால் முழங்கால் மடங்கிய விவரம்

ஹோபார்ட்டில் வசிக்கும் அன்புத் தங்கை எல்வாவுக்கு, முல்லம்பிம்பியிலிருந்து அக்கா மெர்ல் எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம். உன் ரத்தக் கொதிப்பு அடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் இதைப் படித்தால் மறுபடி ஏறும்.

போன மாதம் போனில், "பல்லுக்கும் முழங்காலுக்கும் என்னக்கா சம்பந்தம்? உன் பேத்தி ஊரை ஏமாத்துறா" என்று சிரித்தாயே, இப்போது சிரி பார்க்கலாம். அப்போது என் இடது முழங்கால் மடங்காமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. மடங்காவிட்டால் எங்கள் லான் பவுல்ஸ் கிளப் புல்தரையில் குனிந்து பந்து உருட்ட முடியாது, உருட்டாவிட்டால் இறுதி ஆட்டத்தில் என் அணித் தலைவி பதவி, அதற்காகவே காத்திருக்கும் எங்கள் அணி நோரீனுக்குப் போய்விடும், அவள் அதற்குள் புதுத் தொப்பியே வாங்கிவிட்டாள். டாக்டர் ஓக்டன் காலைத் தட்டிப் பார்த்து, "பத்து நாள் அசையாம உட்காருங்க மெர்ல், தானா சரியாயிடும்" என்றார். இதைச் சொல்லவா அத்தனை வருஷம் படித்தார்? நேரே பேத்தி பிரியோனியின் பல் கிளினிக்குக்குப் போனேன். எந்தப் பல்லுக்கு எந்த உறுப்பு என்று கோடு போட்ட பெரிய படம் அங்கே சுவரில் உண்டு. அஞ்சாம் வகுப்போடு மாடு கறக்கப் போனவள்தான் நான், ஆனாலும் விரல் வைத்துப் படித்துவிட்டேன்: மேல் முன்பல், முழங்கால்! மக்கடேமியா கொட்டையைக் கடித்து நான் உடைத்துக்கொண்ட அதே பல்!

"பாட்டி, அது பல்செட்டு. வெறும் பிளாஸ்டிக். அதுக்கு நரம்பே கிடையாது."

"படத்துல பிளாஸ்டிக் சேராதுன்னு எங்கடி போட்டிருக்கு? காட்டு!"

அவள் பெருமூச்சு விட்டு, உடைசலைச் சரிசெய்யச் செட்டை வாங்கி என் பெயர் எழுதிய டப்பாவில் போட்டாள்.

பொக்கை வாயோடு நோரீன் கண்ணில் படுவேனா? ஒன்பது நாள் வாசலைத் தாண்டவில்லை. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு மசித்த பூசணியும் கஸ்டர்டும் சாப்பிட்டுக் கிடந்தேன். நாளுக்கு நாள் வலி குறைந்தது எல்வா! அங்கே பேத்தி பல்லைத் தேய்க்கத் தேய்க்க இங்கே முழங்கால் இளகியது. வெள்ளிக்கிழமை போனபோது அவள் உள்ளே வேலையாக இருந்தாள், அலமாரியில் இருந்த டப்பாவை நானே திறந்து செட்டை மாட்டிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

சனிக்கிழமை கடைசிப் பந்தில் ஜெயித்தோம். "என்ன மெர்ல், முழங்காலுக்கு எண்ணெய் விட்டியா?" என்றாள் நோரீன், முகம் புளித்த பால் மாதிரி. "பல்லைப் பார்த்துக்கோடி, எல்லாம் தன்னால மடங்கும்" என்றேன். கிளப்பில் நாலு பேர் அங்கேயே பிரியோனியின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

உன் வீட்டுக்காரரையும் பூனைகளையும் விசாரித்ததாகச் சொல். கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நல்ல பல்லும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா மெர்ல்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பிரியோனி போன் செய்தாள். "பாட்டி, டப்பாவுல இருந்த செட்டை ஏன் எடுத்துட்டுப் போனீங்க? உங்க பல்லை நான் இன்னும் தொடவே இல்ல!" நாக்கால் தடவினேன், உடைசல் அப்படியே இருக்கிறது. பார்த்தாயா எல்வா, தொடாமலே குணப்படுத்துகிற கை என் பேத்தியுடையது! இனிமேலும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.