கடல் மைனர்

“அப்பா, மைனர் கிடைச்சாச்சு! அஞ்சு மணிக்குள்ள காலேஜுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க.”

இன்ஜினியரிங் படிக்கும் மகள் போனில் துள்ளினாள். தையல்காரர் கையிலிருந்த கத்தரி, வாடிக்கையாளரின் பேன்ட்டை முழங்காலோடு முடித்துவைத்தது. அவருக்குத் தெரிந்த மைனர், சென்ட்டும் மீசையுமாக ஊர் மேய்கிறவன்தான்.

“எப்படிப்பட்டதும்மா அது?” ஆத்திரத்தில் அஃறிணைக்கு இறங்கிவிட்டார்.

“ரொம்ப ஆழம்பா. ரெண்டே வருஷம், முடிஞ்சிடும்.”

“ரெண்டே வருஷமா! அப்புறம்?”

“அப்புறம் என்ன, மேஜர்தான் இருக்கே. மைனர் சும்மா கூடுதலா.”

தையல்காரர் போனைப் பட்டென்று வைத்தார். ஒருத்தன் போதாதென்று பட்டாளத்துக்காரன் வேறு! உள்ளே ஓடி மனைவியிடம் புலம்பினார்.

அந்த அம்மாள் பதறவே இல்லை. “மேஜர்னா நிரந்தர உத்தியோகம்ங்க. பேசாம அவருக்கே கட்டிக் கொடுத்துடலாம்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுபடி போன் போட்டார்.

“மைனர் வேண்டாம்மா. மேஜருக்கே கட்டிடுவோம்.”

“மேஜருக்குத்தான் முதல் வருஷமே கட்டியாச்சேப்பா! மறந்துட்டீங்களா?”

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு காலேஜுக்குப் பாய்ந்தார். பேராசிரியை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், “எங்கே அந்த மைனர்? வெளிய வரச் சொல்லுங்க!” என்று கத்தினார்.

பேராசிரியை நிதானமாக அவரைப் பக்கத்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். நீளமான தொட்டி ஒன்றில் செயற்கை அலைகள் ஒரு குட்டித் தூணை மொத்திக்கொண்டிருந்தன.

“மைனர்னா ஆள் இல்லைங்க, துணைப் பாடம். உங்க பொண்ணுக்கு மேஜர் மெக்கானிக்கல். கூடவே கடல் பொறியியல். அலை தூணை எப்படி அடிக்குது, கப்பல் ஏன் கவிழாம நிக்குதுன்னு படிப்பாங்க.”

“அப்போ கட்டியாச்சுன்னது?”

“பீஸ்.”

தையல்காரர் கூனிக்குறுகிப் போனார். பெற்ற பெண்ணைப் போய் இப்படிச் சந்தேகப்பட்டோமே என்று கண் கலங்கியது. தொட்டியோரம் வெலவெலத்து நின்ற மகளிடம், “அப்பாவை மன்னிச்சிடும்மா” என்று சொல்லி, நீட்டிய தாள்களில் எல்லாம் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மகளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

தாள்களை வாங்கிக்கொண்ட அட்டெண்டர் வெள்ளந்தியாகச் சிரித்தார்.

“நல்ல வேளை வந்தீங்க சார்! ரெண்டு பேராவது சேரலேன்னா இந்தக் கடல் மைனரையே மூடியிருப்பாங்க. இப்போ சரியாப் போச்சு, உங்க பொண்ணு ஒண்ணு, உங்க வருங்கால மாப்பிள்ளை ஒண்ணு!”