ஊசியை நம்பினோர்

மனிதர்களை ஏழை, பணக்காரர் என்றும், படித்தவர், பாமரர் என்றும், மீன் தின்பவர், தின்பதை ஒப்புக்கொள்ளாதவர் என்றும் நம் பெரியவர்கள் பலவிதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் விட்டுப்போன இனம் ஒன்று உண்டு. அதற்கு அளவுக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அளவுக்காரருக்கும் உங்களையும் என்னையும் போல இரண்டு கண், இரண்டு காது, ஒரு மூக்கு, ஒரு நாக்கு எல்லாம் குறைவில்லாமல் இருக்கும். ஆனால் அவற்றின் சாட்சியத்தை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ளவே மாட்டார். மழை பெய்கிறதா என்று கேட்டால், ரேடியோவில் வானிலை அறிக்கை வரட்டும் என்பார். நனைந்துகொண்டேதான் அதையும் சொல்வார். குழந்தையின் நெற்றி அடுப்பாகக் கொதிக்கும்போது தெர்மாமீட்டரைத் தேடுவார். தெர்மாமீட்டர் உடைந்துபோயிருந்தால்? குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

இந்த இனத்தில் தராசுக்காரர், டேப்புக்காரர், கடிகாரக்காரர் என்று பல கிளைகள் இருந்தாலும், எல்லாருக்கும் மேலே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பவர், கரண்டை அளக்கிற மல்டிமீட்டர் வைத்திருப்பவர்தான். அப்பேர்ப்பட்டவர்களில் ஒருவரைப் பார்க்க உங்களைத் தூத்துக்குடிக்கு அழைத்துப்போகிறேன். புதுத் துறைமுகம் திறந்து இரண்டொரு வருஷம் ஆகியிருக்கிறது. பெரிய கோவிலுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு சந்து. அதில் ‘கிளாட்வின் ஒலிபெருக்கி நிலையம்’ என்று பலகை. பலகைக்குக் கீழே, சட்டைப்பையில் திருப்புளியும் முகத்தில் விஞ்ஞானமுமாக நிற்பவர்தான் கிளாட்வின்.

அவருடைய மல்டிமீட்டர் கறுப்புப் பெட்டி; கண்ணாடிக்குள் ஓர் ஊசி; சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு வயர். ஏதோ ஒரு கப்பலின் ரேடியோ ஆபீசரிடமிருந்து வாங்கியது. பதிலுக்கு அவர் கொடுத்தது, மாமனார் கலியாணத்துக்குத் தந்த சுவர்க் கடிகாரம். அன்றிலிருந்து வீட்டில் எத்தனை மணி என்று யாருக்கும் தெரியாது. கரண்டு எத்தனை வோல்ட் என்று எல்லாருக்கும் தெரியும். மனைவி அமலோற்பவம் மூன்று நாள் பேசவில்லை. கிளாட்வின் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் மீட்டரில் அது காட்டவில்லை.

மற்ற மைக்செட்காரர்கள் எப்படிச் சத்தம் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்று ஊதுவார்கள். ஹாரன் அலறுகிற வரைக்கும் திருகுவார்கள். அலறியதும் கொஞ்சம் பின்னால் திருகிவிட்டு பீடி பற்றவைப்பார்கள். கிளாட்வினுக்கு இது காட்டுமிராண்டித்தனம். ஆம்ப்ளிஃபையரில் கெயின் என்றொரு திருகு இருக்கிறதே, மைக்கில் போகிற சின்னச் சத்தத்தை எத்தனை மடங்கு பெருக்குவது என்பது அதன் கையில் இருக்கிறது. குறைத்தால் எட்டாது, கூட்டினால் ஹாரனின் தொண்டை கிழியும். இவ்வளவு பெரிய பொறுப்பைக் காதிடம் ஒப்படைக்கலாமா?

“காது பொய் சொல்லும்லே, ஊசி சொல்லாது” என்பார் கிளாட்வின். தினமும் ஏழெட்டுத் தடவை சொல்வார். பூசைக்குப் போனாலும் சொல்வார், புளி வாங்கப் போனாலும் சொல்வார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அமலோற்பவத்தின் அண்ணன் அம்புரோஸ் மூன்று வருஷம் பாடுபட்டு ஒரு தோணி கட்டி முடித்திருந்தார். நகைநட்டெல்லாம் மரமாகவும் ஆணியாகவும் மாறிக் கடற்கரையில் கம்பீரமாக நின்றது. ஆனால் மரத்தோணி தானாகக் கடலுக்கு நடந்து போகாது. முந்நூறு பேராவது வடம் பிடிக்க வேண்டும். அதுவும் பௌர்ணமிக்குக் கடல் வெள்ளம் ஏறி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிடிக்க வேண்டும். தவறினால் அமாவாசை வரை தோணி மணலில்தான். கொச்சிக்கு ஏற்ற வேண்டிய உப்பு அடுத்தவன் தோணியில் போய்விடும். முன்பெல்லாம் கோவில் வாசலில் ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். இப்போது இளவட்டங்கள் துறைமுகத்தில் ஷிப்டு பார்க்கிறார்கள். வீதிவீதியாகப் போய்க் கூப்பிட்டால்தான் வருவார்கள். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் காரில் ஹாரன் கட்டி அறிவிப்பு. ஞாயிறு மத்தியானம் தோணி இறக்கம்.

“மாப்ளே, ஒன்னயத்தான் நம்பியிருக்கேன்” என்றார் அம்புரோஸ்.

“கவலய விடுங்க மச்சான். இருபத்தொண்ணு புள்ளி ஒம்பது வோல்ட்டு வச்சிருதேன். கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது.”

“அதெல்லாம் எனக்கு வெளங்காது. நல்லா கேக்குமா?”

“கேக்குறது வேற மச்சான், சரியா இருக்கது வேற.”

இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையிலேயே வேதமணியின் அம்பாசிடர் கார் சந்து முனைக்கு வந்துவிட்டது. வேதமணி காரின் சொந்தக்காரன், டிரைவர், எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவன். கூரையில் ஹாரன் ஏறியது. பின் சீட்டில் ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்தது. கிளாட்வின் மடியில் ஒரு நோட்டு. அதில் கெயின் வைக்கும் விதிகள் சிவப்பு மையில் எழுதியிருந்தன. ஆம்ப்ளிஃபையரின் முப்பது வாட்டை ஹாரனின் பதினாறு ஓம் மின்தடையால் பெருக்கு, வர்க்கமூலம் எடு, இருபத்தொன்று புள்ளி ஒன்பது வரும். ஹாரன் வயரைக் கழற்று, இல்லாவிட்டால் தெருவே செவிடாகும். அந்த இடத்தில் மீட்டரை மாட்டு. மைக்கில் ஏற்ற இறக்கமில்லாத ஒரே சத்தத்தைக் கொடு. ஊசி இருபத்தொன்று புள்ளி ஒன்பதுக்கு வரும்வரை கெயினைத் திருகு. வந்த இடத்தில் கோடு போடு.

ஏற்ற இறக்கமில்லாத சத்தத்துக்கு எங்கே போவது? பாட்டு மாஸ்டரிடம் ஆர்மோனியத்தை இரவல் வாங்கி, ஒரு கட்டையைத் தீக்குச்சி சொருகி அழுத்தி வைத்து, துருத்தி போட அமலோற்பவத்தைக் கூப்பிட்டார் கிளாட்வின். ஒரு கையில் துருத்தியும் மறு கையில் குழம்புக் கரண்டியுமாக அந்த அம்மாள் காருக்குள் உட்கார்ந்திருந்த காட்சியைச் சந்தே வந்து பார்த்தது.

“ஏளா, சீரா போடு. ஊசி ஆடுதுல்லா.”

“ஏங்க, அடுப்புல சாளக்கொழம்பு கொதிக்கி.”

“கொதிக்கட்டும். இருபது… இருபத்தொண்ணு… அசையாத! ஆ, வந்துட்டு!”

திருகில் கோடு போட்டார். அந்த நேரம் குழம்பு பொங்கி அடுப்பு அணைந்த வாசம் சந்து முழுக்க வந்தது. அமலோற்பவம் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். கரண்டி நோட்டின் மேல் விழுந்தது. ஏழாவது விதியோடு பக்கம் முடிந்திருந்தது. எட்டாவது விதி பக்கத்தைப் புரட்டினால் இருந்தது. ஆனால் மீன்குழம்பு அந்த இரண்டு தாள்களையும் விவாகம் செய்துவைத்துவிட்டது. எட்டாவது விதி என்ன தெரியுமா? ‘மறக்காமல் ஹாரன் வயரைத் திரும்ப மாட்டு.’

சாயங்காலம் கார் புறப்பட்டது. கிளாட்வின் முன் சீட்டில் மைக்கும் மடியில் மீட்டருமாக உட்கார்ந்து, “பெரியோர்களே, தாய்மார்களே” என்று ஆரம்பித்தார். ஊசி துள்ளி எழுந்தது. அவர் உள்ளமும் துள்ளி எழுந்தது.

தெரு முனை திரும்புவதற்குள் வேதமணி சொன்னான்: “அண்ணாச்சி, சத்தம் வரல.”

“ஊசியப் பாருலே. எப்படிப் போவுதுன்னு.”

“ஊசி போவுது. சத்தம் வரல.”

“கூறுகெட்டவனே, ஹாரன் முன்னால பாத்துல்லா கெடக்கு. நாம அதுக்குப் பின்னால இருக்கோம். பீரங்கிக்குப் பின்னால நிக்கவன் மேல குண்டு படுமா?”

வேதமணி இதை யோசித்துப் பார்த்தான். யோசித்த அளவில் அது தப்பு என்று தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை கூடுதலாகச் சொல்லிவிட்டதால் வாயை மூடிக்கொண்டான்.

கீழூரிலும் கடற்கரைச் சாலையிலும் மில்லர்புரத்திலும் அன்று ஜனங்கள் கண்ட காட்சி இதுதான். தலையில் ஹாரன் வைத்த ஒரு கார் ஊர்ந்து வருகிறது. உள்ளே ஒரு மனிதர் கண்ணில் நீர் வர, கழுத்து நரம்பு புடைக்க, வாயை அசைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? காதருகே கையைக் குவித்து, “என்னது, என்னது?” என்றார்கள்.

“பாத்தியாலே, காதப் பொத்துதானுவ! அவ்வளவு சத்தம்” என்றார் கிளாட்வின். இளகிய மனது அவருக்கு. மில்லர்புரத்தில் வயசாளிகள் இருக்கிறார்கள் என்று கெயினை அரைக் கோடு குறைத்துக்கூட வைத்தார்.

ஊமைக் கார் என்றால் சும்மா விடுமா ஊர்? அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களும், சவரம் பாதியில் நிற்க ஆண்களும் வண்டியோடு நடந்தார்கள். கிளாட்வின் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்ததால், எல்லாரும் டிரைவர் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டி வேதமணியைக் கேட்டார்கள். ஒன்றைத் திரும்பச் சொல்லவே பிடிக்காத அந்தப் பாவி, “நாளைக்கு மத்தியானம் அம்புரோஸ் தோணி எறங்குது, வடம் பிடிக்க வாங்க” என்று அன்று இருநூறு தடவை சொன்னான். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் கேட்டதை யார் அடுத்தவரிடம் சொல்வார்கள்? இதுவோ தாங்களே விசாரித்துக் கண்டுபிடித்த ரகசியம். சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடற்கரையில் நானூறு பேர். அம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“இருபத்தொண்ணு புள்ளி ஒம்பது” என்றார் கிளாட்வின் அடக்கமாக.

அதோடு நின்றிருக்கலாம். அளவுக்காரர்கள் நிற்பதில்லை. தோணி இறக்கும்போது தாளம் கூப்பிடுவது பவுல் என்பவரின் உரிமை. அவர் ‘ஏலேலோ’ என்று ஒரு குரல் விட்டால் துறைமுகத்துக் கப்பலே திரும்பிப் பார்க்கும். “வாய்ச் சத்தம் நானூறு பேருக்கு எட்டாது” என்று அவரை உட்காரவைத்துவிட்டு, காரைத் தோணிக்குப் பின்னால் மணலில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்த ஹாரனுக்கு எதிரே மைக்கோடு தானே நின்றார் கிளாட்வின். இன்னொரு கையில் மீட்டர்.

வெள்ளம் ஏறி நின்றது. கிளாட்வின் கூப்பிட்டார். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வலது வடத்துக்காரர்கள் இழுத்தபோது இடது வடத்துக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். இடது பக்கம் இழுத்தபோது வலது பக்கம் துப்பிவிட்டு வந்தது. தோணி முனகியது, ஒரு விரற்கடை நகரவில்லை. இன்னொரு தடவை. அதே கதை. தண்ணீர் விளிம்பில் நுரை மெள்ளப் பின்வாங்க ஆரம்பித்தது. அம்புரோஸ் முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று வருஷம் அவர் கண் எதிரே வடிந்துகொண்டிருந்தது.

“மாப்ளே, வெள்ளம் போவுதுடா!”

“ஊசி சரியாத்தான் நிக்கி மச்சான்! இவனுவ இழுக்கதுதான் சரியில்ல!”

அமலோற்பவத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், நேரே காரிடம் போனாள். பின் சீட்டில் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால், நேற்று ஆர்மோனியம் வாசித்தபோது அவள் கண் முன்னாலேயே கழற்றிய இரண்டு ஹாரன் வயர்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் ஒரு மீட்டரையும் தொடாத அந்த அம்மாள், கொண்டை ஊசியை உருவி, இரண்டு திருகையும் தளர்த்தி, வயர்களைச் சொருகி முறுக்கினாள்.

ஹாரனுக்கு நேர் எதிரே மைக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஊஊஊய்ங்!’ என்று ஒரு ஓலம் கிளம்பியது. இருபத்தொன்று புள்ளி ஒன்பது வோல்ட்டும் ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சை ஒரேயடியாக விட்டதுபோல இருந்தது. கோவில் புறாக்கள் அத்தனையும் எழுந்தன. கையில் வடத்தோடு நின்ற நானூறு பேரும், பின்னால் என்ன பூதம் வந்தது என்று கூடத் திரும்பிப் பார்க்காமல், வடத்தை விடவும் தோன்றாமல், ஒரே மூச்சில் கடலைப் பார்த்து ஓடினார்கள்.

தோணி போயிற்று. சர்ரென்று மணலில் வழுக்கி, மூக்கால் ஓர் அலையை உடைத்து, இரண்டு தரம் தலையாட்டிவிட்டு, பிறந்த நாளிலிருந்தே தண்ணீரில் இருந்ததுபோல மிதந்தது. மார்பளவு தண்ணீரில் நின்று அம்புரோஸ் சிரித்தார், அழுதார், பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒரு தோணி முதன்முதலாகத் தண்ணீரைத் தொடுகிற நேரம் ஒரு தடவைதான் வரும். கரையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஒருவரைத் தவிர.

கிளாட்வின் மீட்டரைக் கண்ணருகே பிடித்து, கடைசிக் கோட்டையும் தாண்டி மோதி வளைந்துபோன ஊசியைத் தட்டிக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தார். முன்னால் மணலில் நின்ற தோணியைக் காணவில்லை.

“ஏளா, தோணி எறங்கிட்டா?”

அமலோற்பவம் கொண்டை ஊசியைத் திரும்பச் சொருகிக்கொண்டாள்.

“ஊசிகிட்ட கேளுங்க” என்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அதற்குத்தானே எழுதினேன். ஆனால் போன வாரம் கலியாணப் பந்தியில், “பசிக்கிறதா?” என்று பக்கத்து இலைக்காரர் கேட்டபோது, வயிற்றைக் கேட்காமல் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தது யார்? அது போகட்டும். இந்தக் கதையைப் படிக்க ஆரம்பிக்கும் முன்பே, எத்தனை பக்கம் என்று கடைசித் தாள் வரை புரட்டி எண்ணிப் பார்த்தீர்களே, அது எதற்காக?