தலைவர் போட்ட கோடு

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: தலைவர் கண்ணாயிரம் கோடு போடுவதற்கு முன், போட்ட பின்.

நெசவாளர் சங்கத்தில் கணினி வேலை பார்த்த சங்கரி, எக்செல்லில் தறி வரைபடம் செய்திருந்தாள். தறிக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் நெசவாளர் பெயர். மேக்ரோ என்ற தானியங்கிக் கட்டளையைத் தட்டினால் எல்லாக் கட்டத்திலும் புதுப் பட்டியல்படி பெயர் ஏறிவிடும். திறப்பு விழா வரை ஏறியது.

விழாவில் தலைவர் மவுசைப் பிடித்து, படத்தில் ஒரு கோடு இழுத்தார். ஒரே கைதட்டல். மானிட்டருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

மறுநாள் சங்கத்தில் சேர்ந்தவள் ஓரிக்கை கமலவேணி. அவளுக்கு வரைந்த கட்டம் கோட்டுக்கு அடுத்தது. மேக்ரோ கோடுவரை ஓடிப் பிழை காட்டி நின்றது. கட்டத்தில் பெயர் ஏறினால்தான் பட்டு நூல்.

மூன்று வாரமாகச் சங்கத்துக்கு நடையாய் நடந்தாள் கமலவேணி. “தறி சும்மா நின்னுக்கினு இருக்குதுமா. பேர கையால அடிச்சிட்றதுதான?”

சங்கரிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பத்து நொடி வேலை. ஆனால் மேலாளர் தினகரனின் சுற்றறிக்கை சுவரில் இருந்தது: ‘தானியங்கிப் பணியைக் கையால் செய்வது ஒழுங்கு மீறல்.’

“அந்தக் கோட்ட எடுத்துடலாமா சார்?” என்று தினகரனிடம் கேட்டாள்.

“தலைவர் போட்டதுமா அது! குழு கூடட்டும்.”

‘பிழை ஆய்வுக் குழு’ கூடியது. முதல் கூட்டம் இரண்டாவது கூட்டத்துக்கு நாள் குறித்தது. இரண்டாவது, கணினிக்குக் கற்பூரம் காட்டியது. மூன்றாவது கூட்டத்துக்குத்தான் சங்கரியைக் கூப்பிட்டார்கள்.

“என்னம்மா கோளாறு?” என்றார் தலைவர்.

“கோடுதான் சார். கட்டத்துக்குள்ள எழுத்து ஏறும். கோட்டுக்குள்ள ஒண்ணும் ஏறாது. மேக்ரோ அங்க முட்டிக்கினு நின்னுடுது. பின்னால இருக்கறவங்க வேலையும் நின்னுடுது.”

“அழிக்கணுமா?” என்று பதறினார் தலைவர்.

“வேணாம் சார். அது பாட்டுக்கு இருக்கட்டும். கண்டுக்காம தாண்டிப் போன்னு ஒரு வரி எழுதினாப் போதும்.”

தலைவர் பெருந்தன்மையோடு அனுமதித்தார். சங்கரி அந்த வரியை எழுதினாள். கமலவேணியின் பெயர் ஏறியது. தலைவரின் ‘ஒப்பற்ற வழிகாட்டுதலுக்கு’ நன்றித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த கமலவேணி, நூலை வாங்கிப் பையில் வைத்தாள்.

“உள்ள ஒண்ணும் ஏறாது, அடுத்தவங்க வேலைய நிறுத்தும், கண்டுக்காம தாண்டிப் போயிடணும். அவ்ளோதானமா?”

“அவ்ளோதான்க்கா.”

“சரி. வர்ற சங்கத் தேர்தல்ல நாங்களும் அப்படியே செஞ்சிட்றோம்.”